முன்னால் நடந்து நாற்று நட்டவர்கள்

சென்னையில் நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் டெஸ்டிங். வெளிவரப்போகும் கேமை முதலில் நாங்கள் விளையாடிப் பார்த்து, எங்கெங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "வெளையாடுறதுக்கா சம்பளம் குடுக்குறான்? வெளியில சொல்லிக்காத. தெரிஞ்சா நிறுத்திப்புடுவான்" என்றாள்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவள் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்குச் சலிப்பே வராது. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்ட தப்பைச் சொல்லிவிட்டு வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். கல்யாணச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று பெண் வீட்டாரிடமே சொல்லியிருக்கிறேன். இப்படிப்பட்ட வாய்க்கு மாதாமாதம் சம்பளம் தர ஒரு கம்பெனி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கேம் எங்கள் கைக்கு வந்தது. பெரிய ஆறுகளின் கரையில் ஒவ்வோர் ஊர். ஆடுகிறவர் அந்த ஊரை வெள்ளத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் காப்பாற்றி, விளைச்சலை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதில் காவிரி மாதிரியான ஓர் ஆற்றின் பகுதியை மட்டும் எங்கள் ஆபீஸ் செய்தது. முதல் நாள் ஆடிப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். மடையைத் திறந்தால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தது. வரப்பில் கொக்கு நின்றது. பிறகு கலர் கலராகச் சேலை கட்டிய பத்துப் பெண்கள் நாற்றுமுடிகளோடு வயலில் இறங்கினார்கள். வரிசையாக நின்று, குனிந்து, நட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்கள்.

முன்னால்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நடவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது கையில் நாற்றுமுடி இருக்கும். வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். ஒரு வரிசை ஊன்றியதும் கால் பின்னால் போகும். நட்ட நாற்று எப்போதும் நட்டவளின் கண்ணுக்கு எதிரே நிற்கும். முன்னால் நடந்தால், நட்டதையெல்லாம் நட்டவளே மிதித்துச் சேற்றுக்குள் அனுப்பிவிடுவாள். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. வயலில் இறங்கினால் கால் தானாகப் பின்னால் போகும். எங்கள் கேமில் அந்தப் பத்துப் பெண்களும் சிரித்த முகத்தோடு, ஒரு நாற்று விடாமல் மிதித்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பயிர் மட்டும் எப்படியோ பச்சைப்பசேல் என்று எழுந்து நின்றது.

தப்பைப் பதிவு செய்தேன். மறுநாள் பார்த்தால், 'திருத்தத் தேவையில்லை' என்று எழுதி மூடியிருந்தார்கள். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள். மூன்றாவது தடவை திறந்தபோது டீம் லீட் என்னை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், கத்திப் பேசாதவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"கேம்ல எல்லா கேரக்டரும் முன்னாடிதாங்க நடக்கும். பின்னாடி நடக்க வைக்கணும்னா அனிமேஷன் புதுசா பண்ணணும். ஒரு வாரம் போயிடும்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "யாருக்குங்க தெரியப்போகுது? கேம் ஆடுறவன் எவனும் நாத்து நட்டிருக்க மாட்டான். நாத்து நட்டவங்க யாரும் கேம் ஆடப்போறதில்ல" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர், "அது சரி, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"படிச்சிருக்கேன். ஏதோ ஒரு புத்தகத்துல" என்றேன்.

எந்தப் புத்தகமும் இல்லை. குடவாசலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், அடுத்தவர் வயலில் இருபது வருஷத்துக்கு மேல் கூலிக்கு நடவு நட்டவள் என் அம்மா. லீவு நாளில் அவள் பக்கத்தில் வரிசையில் நின்று நானும் நட்டிருக்கிறேன். நான் சென்னைக்குக் கிளம்பியபோது, "அங்க போயி கூலிக்கு நட்ட கதையெல்லாம் பேசிக்கிட்டு இருக்காத. விவசாயம்னு சொல்லு, போதும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அப்படியே சொன்னேன். விவசாயம் என்று சொன்னால் கேட்பவர்கள் எத்தனை ஏக்கர் என்று அவரவர் மனதுக்குப் பிடித்த அளவைப் போட்டுக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை. ஆனால் அன்றைக்கு மீட்டிங் அறையிலிருந்து வெளியே வந்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஊரார் தப்பையெல்லாம் எண் போட்டு எழுதுகிறவள், என் அம்மாவை ஒரு புத்தகமாக்கிவிட்டு வந்திருந்தேன்.

கேம் வெளிவர மூன்று வாரம் இருந்தபோது அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் ஆபீசுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் போன் பேசலாம், நெட் கிடைக்காது. குடவாசல் கடைத்தெருவில் ஒரு பாய் வைத்திருந்த சென்டருக்குப் போனேன். பத்து வருஷம் சார்ஜாவில் இருந்துவிட்டு வந்து பிரவுசிங் சென்டர் திறந்தவர். எல்லார் கைக்கும் போன் வந்து அந்த வியாபாரம் படுத்ததும், எட்டு கம்ப்யூட்டரையும் கேமுக்கு மாற்றிவிட்டார். பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் படிக்கிற பையன்கள் எப்போதும் அங்கே அடைந்துகிடப்பார்கள். வாய்க்கால் தண்ணீர் மாதிரி முறை வைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் விடுவார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். எட்டுத் திரையிலும் என் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் முடியாத கேம் அது. மாடுகள் தரையைத் தொடாமல் ஒரு முழம் உயரத்தில் மிதந்தன. தென்னைக்குக் கீற்று வரவில்லை. நாங்கள் ஆபீசுக்குள் பூட்டிவைத்து, பென் டிரைவ்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது என்று காவல் காத்த சரக்கு, குடவாசல் கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்படி வந்துச்சு பாய்?" என்று கேட்டேன்.

"மச்சான் சார்ஜாலேர்ந்து அனுப்புனான்மா. இன்னும் ரிலீசே ஆவலையாம். லீக்காம். ஒலகம் பூரா ஓடுதுங்கறான்" என்றார் அவர் பெருமையாக.

அதற்குள் மூலைத் திரையிலிருந்து ஒருவன் போட்ட சத்தத்தில் கடையே திரும்பியது.

"டேய், இங்க வந்து பாருங்கடா! நட்டதயெல்லாம் மிதிச்சுக்கிட்டே போவுதுங்க!"

எல்லாரும் அவன் திரையை மொய்த்தார்கள். ஒரு நொடிதான் பார்த்திருப்பார்கள். பிறகு அந்தக் கடையில் எழுந்த கூச்சலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"எவன்டா இத செஞ்சவன்? அவனக் கொண்டாந்து எங்க வயல்ல எறக்குங்கடா!"

"எங்கம்மா பாத்துச்சுன்னா வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வரும்."

"ஏசி ரூமுல ஒக்காந்து நடவு நட்டா இப்புடித்தான்டா."

"எனக்கு வயலும் தெரியாது, வரப்பும் தெரியாது. எனக்கே கண்ண உறுத்துதேடா" என்றார் பாய், கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து.

திட்டு அத்தனையும் என் கம்பெனிக்கு. எனக்கோ காதில் தேன் வந்து பாய்ந்தது. கேம் ஆடுகிறவன் எவனும் நாற்று நட்டிருக்க மாட்டானாம்! இங்கே எட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் நாற்று நட்டவர்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகள். அதில் இரண்டு பேர் அந்த வாரமே வயலில் நாற்றுமுடி தூக்கிப் போட்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் பக்கத்தில் நின்று நானும் ஒரு வார்த்தை கத்தியிருப்பேன். வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து லீடுக்குப் போன் போட்டேன். "லீக் ஆயிடுச்சு சார். எங்க ஊர்ல ஆடிக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

"உங்க ஊர்லயா?" என்றார். "உங்க ஊருக்கு எப்படிங்க போச்சு?"

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. அன்று முழுவதும் நான் திருடி. மறுநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். வெளிநாட்டுக் கம்பெனி யாரோ விமர்சகருக்கு அனுப்பிய பிரதியிலிருந்து போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். "லீவ ரெண்டு நாள் நீட்டிச்சுக்கோங்க. அங்கயே இருந்து, ஆடுறவங்க என்ன பேசுறாங்கன்னு எழுதி அனுப்புங்க" என்றார். திட்டு வாங்குவதையும் வேலையாகக் கொடுத்தார்கள். நானும் ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன், விளக்குமாறு உட்பட.

இதற்குள் அந்தப் பையன்கள் சும்மா இருக்கவில்லை. கேம் ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஓர் இணையதளத்தில், முன்னால் நடக்கும் பெண்களின் படத்தைப் போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழையும் தமிழ் மாதிரி இங்கிலீஷையும் கலந்து ஒரு பிடி பிடித்திருந்தார்கள். முதலில் மன்னார்குடியிலிருந்து ஒருவன் சேர்ந்தான். பிறகு சார்ஜாவில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கும் ஒருவர், தன் ஊர் நடவின் போட்டோவையே போட்டார். அதற்குமேல் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. வியட்நாமிலிருந்து ஒரு பெண் வந்து, என் அம்மாவும் பின்னால்தான் போவாள் என்று எழுதினாள். பிலிப்பைன்ஸ்காரர்கள் வந்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாடு மிதப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில், அரிசி தின்கிற நாடெல்லாம் வரிசையாக வந்து நின்று, இது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

லீக் தெரிந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு வெளிநாட்டுக் கம்பெனி எங்களை அழைத்தது. வீடியோ கால். என் அவசரத்துக்கு அந்த ஊரில் நல்ல இணைப்பு இருந்தது பாய் கடையில் மட்டும்தான். ஹெட்போனை எடுத்துக்கொண்டு கதவுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பையன்கள் வழக்கம்போலப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. சென்னையில் வேலை பார்க்கிற ஓர் அக்கா, அவ்வளவுதான்.

திரையில் ஒரு பக்கம் எங்கள் லீட், இன்னொரு பக்கம் வெளிநாட்டுக் கம்பெனியில் இந்த கேமுக்குப் பொறுப்பான ஓர் அம்மாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நேரே விஷயத்துக்கு வந்தார். இந்த நடவு விஷயம் உண்மையா? உண்மை என்றால், இந்தியாவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் கண்ணில்கூடப் படவில்லையா?

லீட் முந்திக்கொண்டார். பழியை என் தலையில் கட்டுவார் என்றுதான் நினைத்தேன். "எங்கள் டெஸ்டர் கண்டுபிடித்தார். மூன்று தடவை பதிவு செய்தார். மூன்று தடவையும் நான்தான் மூடினேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

அதே கேள்வி. லீட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சொன்ன பதில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதையே திருப்பிச் சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். எனக்குப் பின்னாலோ, எங்கம்மா பார்த்தால் விளக்குமாற்றைத் தூக்கும் என்று உலகத்துக்கே கேட்கும்படி கத்திய பிள்ளைகள். அவர்களில் ஒருவனுக்கும் அதைச் சொல்ல வெட்கமாக இல்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது?

"என் அம்மா கூலிக்கு நாற்று நட்டவர். நானும் அவரோடு நட்டிருக்கிறேன்" என்றேன். ஹெட்போன் போட்டிருந்ததால் தேவைக்கு மேல் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் விசைப்பலகைச் சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது.

"செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். நாற்காலியைத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் பையன்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"யக்கா... இந்த கேமு நீங்க செஞ்சதா?" என்றான் விளக்குமாற்றுக்காரன்.

"தப்பக் கண்டுபுடிச்சது நானு. தள்ளி நில்லு" என்றேன்.

பாய் பில் புத்தகத்தை எடுத்து என் இடது கையில் திணித்தார், நாற்றுமுடிக்குப் பதிலாக. துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினேன். காமிராவைப் பார்த்தபடி குனிந்தேன். டைல்ஸ் தரையில் இல்லாத சேற்றில், இல்லாத நாற்றை ஊன்ற ஆரம்பித்தேன். இரண்டு ஊன்று, ஒரு எட்டு பின்னால். முதல் இரண்டு வரிசை கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாவது வரிசையில் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. கதவு வந்தது. பாய் ஓடிவந்து திறந்து பிடித்துக்கொண்டார். படியில் பின்பக்கமாக இறங்கிக் கடைத்தெருவுக்கே வந்துவிட்டேன். திருவாரூர் போகிற பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் எல்லாம் தலை. கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். மீட்டிங்குக்காக மாட்டியிருந்த கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, குடவாசல் தார் ரோட்டில் நான் நட்டுக்கொண்டிருந்தேன். எந்த வயலிலும் அவ்வளவு சந்தோஷமாக நட்டதில்லை.

உள்ளே பையன்கள் விசிலடித்தார்கள். ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, "பாத்தீங்களா மேடம்? பேக்! பேக்! ஒன்லி பேக்!" என்று அந்த அம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். லீடும் தட்டினார். வெளியீட்டைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். நான் நட்டது அந்தக் காமிராவில் பதிவாகியிருந்தது. அதை வைத்தே அனிமேஷன் செய்தார்கள். இன்றைக்கும் அந்த கேமை எந்த நாட்டில் எவர் ஆடினாலும், பத்துப் பெண்கள் என் இடுப்போடு குனிந்து, என் காலோடு பின்னால் போவார்கள்.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லாதே என்று அம்மா சொன்ன ஒன்றைக் கடல் தாண்டிச் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் செய்தும் காட்டியிருந்தேன். இனி அவள் அந்த வழியாகப் போனால் யாராவது கேட்பார்கள். எனக்கு வந்த துணிச்சலுக்கு அவள் ஏன் வெட்கப்பட வேண்டும்? அடுத்தவர் வாயிலிருந்து கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது என்று போனேன்.

அம்மா டிவி பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"கூலிக்கு நட்டோம்னா சொன்ன?"

"ஆமாம்மா."

"வெள்ளக்காரிகிட்டயா?"

"ஆமா."

கையிலிருந்த கீரைத்தண்டை முறத்தில் போட்டாள். திட்டட்டும் என்று நின்றேன்.

"எங்க செட்டு ஒரு நாளைக்கு எத்தன மா நடும்னு சொன்னியா?"

"அது... சொல்லலம்மா."

"சொல்லலயா?" கீரை முறத்தை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "ஒரு ஏக்கரு, முழுசா மூணு மா! பத்தே பேரு. பொழுது சாயறதுக்குள்ள மூணு மா நட்டு ஏறிடுவோம். இந்த வட்டாரத்துல வேற எந்த செட்டு நட்டுருக்கு? அத சொல்லாம என்னத்தடி பேசிட்டு வந்த? போடு, அந்தம்மாவுக்குத் திரும்பப் போனப் போடு."